துணைக்கு வந்தவள்

வேலையில இருந்தப்ப எங்கிட்ட ஒரு சந்தேகம் கேக்க மாட்டாளுக. ரிட்டயராகி நான் நிம்மதியா உக்காந்தப்புறம் வீடு தேடி வர்றாளுக. போன ஞாயித்துக்கெழமை அப்படித்தான் ரெண்டு பேரு வந்தாளுக. போடியில நான் வேல பாத்த அதே ஆஸ்பத்திரியில இப்ப நர்ஸா இருக்கிற பொண்ணுக. ஒருத்தி பேரு நித்யா, நல்ல வாயாடி. இன்னொருத்தி சங்கீதா. அவ வாசல்ல செருப்பக் கழட்டும்போதே, சும்மா இவளுக்குத் துணைக்கு வந்தேன்க்கான்னு சொல்லிட்டுத்தான் உள்ள வந்தா. சரி, ரெண்டு பேரும் உக்காருங்கன்னு காப்பி போட்டுக் குடுத்தேன்.

நித்யாவுக்கு ஒரு பெரிய கொறை. இப்பல்லாம் ஊருக்குள்ள போயி, பொம்பளைககிட்ட மார்புல கட்டி கிட்டி இருக்கான்னு கேக்கச் சொல்றாகளாம். சுகரு இருக்கான்னு கேட்டா அது பாட்டுக்குச் சொல்றாகளாம், பிரஷரு, மூட்டுவலி எல்லாம் சொல்றாகளாம். மார்புன்னு வாயெடுத்தா முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு, அடுப்புல பாலு கெடக்குன்னு எந்திரிச்சுப் போயிருவாகளாம். அதுலயும் ஏலக்காத் தோட்டத்துக்கு மலையேறிப் போற பொம்பளைக இருக்காகளே, கல்லு மாதிரி இருக்காகளாம். உங்ககிட்ட மட்டும் எப்படிக்கா சொன்னாகன்னு கேட்டா.

எங்கிட்டயும் ஒருத்தியும் சொல்லல. அதான் நெசம். சொல்லாததத் தெரிஞ்சுக்கிட்டதுதான் என் சாமர்த்தியம். இத நானே சொல்லிக்கிடுறேனேன்னு நெனைக்க வேணாம், வேற யாரு சொல்லுவா? ஆஸ்பத்திரியில எனக்கு மொளகு சிஸ்டர்னு பேரு. காரம் உண்டு, ஆனா மருந்துக்கு ஆகும்னு நானே அதுக்கு அர்த்தம் சொல்லிக்கிட்டேன்.

படிச்சது மதுரையில. அதப் பத்திச் சொல்ல ரொம்ப இல்ல. படுக்க விரிக்கப் படிச்சேன், ஊசி போடப் படிச்சேன், மூத்த சிஸ்டருககிட்டத் திட்டு வாங்கிட்டு அழுகாம நிக்கப் படிச்சேன். அங்கிட்டு இங்கிட்டுன்னு சில ஊரு பாத்துட்டு போடிக்கு வந்து சேந்தேன். வந்ததுல இருந்து ஆப்பரேசன் டாக்டரோட ஓ.பி.யில போட்டுட்டாக, கடைசி வரைக்கும் அதே சோலிதான்.

வந்த புதுசுல எனக்கு இந்தப் பக்கத்துப் பழக்கம் ஒண்ணு பிடிபடல. ராசிங்காபுரம், அதச் சுத்தி இருக்கிற ஊருகள்ல இருந்தெல்லாம் வெள்ளனா ஜீப்பு கெளம்பி, மெட்டுங்கிற மலைப்பாதையில ஏறி, பொம்பளைகளத் தோட்டத்துல எறக்கி விட்டு, சாயங்காலம் கீழ கொண்டாந்து விடும். மடிமேல மடி உக்காந்து போற ஜீப்பு. அதுல ஒருத்தி ஒரு நாளு வரலைன்னா அம்புட்டுப் பேருக்கும் காரணம் தெரிஞ்சாகணும். ஆஸ்பத்திரிக்குப் போனான்னு ஒரு சொல்லு விழுந்துச்சுன்னா, ஜீப்பு மெட்டு ஏறுறதுக்குள்ள அவளுக்கு ஒரு நோயக் கண்டுபிடிச்சு, வைத்தியம் பாத்து, ஆளையும் முடிச்சிருவாளுக.

ஆனா துணைக்குப் போனேன்னு சொன்னா ஒரு கேள்வி கெடையாது. எங்க பக்கம் பொம்பள தனியா ஆஸ்பத்திரிக்குப் போறது இல்ல. சின்னம்மாவுக்கு இருமலு, மாமியாளுக்குக் காலு வலின்னு யாராச்சும் ஒரு ஆளுக்குத் துணையா இன்னொருத்தி வருவா. அதனால தனக்கு ஒரு சங்கடம்னா அவ என்ன செய்வான்னா, இருமுற ஆளு ஒண்ணத் தேடிப் பிடிப்பா. அந்தாளக் கூட்டிக்கிட்டு வந்து எங்க பெஞ்சுல உக்காந்து, டாக்டரப் பாத்து, என்னையப் பாத்து, ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போயிருவா. இத நான் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆச்சு. கண்டுபிடிச்சப்புறம், சீட்டு எடுத்தவள டாக்டர் பாக்கட்டும், துணைக்கு வந்தவள நான் பாக்குறேன்னு வச்சுக்கிட்டேன்.

இப்ப எங்க சர்ஜனப் பத்திச் சொல்லணும். காரைக்குடிப் பக்கத்து ஆளு, ஒல்லியா, ஒசரமா இருப்பாரு. சிரிச்சுப் பாத்தது அபூர்வம். ஆனா பொம்பளைக அவர நம்புனாக, அதுக்கு அவரு வேல பாக்குற மொறைதான் காரணம்.

திரை போட்டு மறைச்ச எடத்துக்குள்ள சிஸ்டர் இல்லாம அவரு போக மாட்டாரு. மேசை மேல பிளாஸ்க்குல எப்பவும் வெந்நி இருக்கும். அது காப்பிக்கு இல்ல. அதுல கையக் கழுவி, தொடச்சு, ரெண்டு கையையும் தேச்சுக்கிட்டு வருவாரு. குளுந்த கை பட்டா ஒடம்பு இறுகிக்கும், இறுகின ஒடம்பு பொய் சொல்லும்பாரு. அப்புறம் குட்டை ஸ்டூல இழுத்துப் போட்டு, அந்தப் பொம்பளைய விடத் தாழ்வா உக்காந்து, தொட்டுப் பாக்கலாமான்னு கேப்பாரு. தலையாட்டுனாப் பத்தாது, வாயத் தெறந்து சொல்லணும். சொல்லுற வரைக்கும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாரு, வெளிய எம்புட்டுக் கூட்டம் நின்னாலும் சரி.

மொதல்ல தொடாம பாப்பாரு. கையத் தொங்கப் போடச் சொல்லி ஒரு பார்வ, தலைக்கு மேல தூக்கச் சொல்லி ஒரு பார்வ, இடுப்புல ஊண்டச் சொல்லி ஒரு பார்வ. தோலு எங்கயாச்சும் உள்ள இழுக்குதா, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்கான்னு தெரியும். அப்புறம் படுக்க வச்சு, தோளுக்கு அடியில மடிச்ச துண்ட நான் வைப்பேன். நல்லா இருக்குன்னு அவ சொல்ற பக்கத்தத்தான் மொதல்ல பாப்பாரு. நல்லது எப்படி இருக்குன்னு கைக்குத் தெரிஞ்சாத்தான் மாறுனது தெரியும்பாரு. நடு வெரலு மூணையும் படுக்க வச்சு, சின்ன வட்டமா அழுத்தி, மேல இருந்து கீழ, கீழ இருந்து மேலன்னு சாலு விடாம உழுகுற மாதிரி போவாரு. கடைசியா அக்குளு, கழுத்தெலும்புக்கு மேல. ஒண்ணையும் விட மாட்டாரு.

ரெண்டு சொல்லு அவரு ஓ.பி.யில சொல்லக் கூடாது. ஒண்ணு பயப்படாதே, இன்னொண்ணு ஒண்ணுமில்ல. புதுசா வந்த சின்ன டாக்டர் ஒருத்தரு ஒரு அம்மாவப் பாத்து, ஒண்ணுமில்லம்மா பயப்படாதீகன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லிப்புட்டாரு. அந்தம்மா போனப்புறம் சர்ஜன் அவரப் பாத்து, எந்த டெஸ்ட்டப் பாத்துட்டுச் சொன்னீங்கன்னு கேட்டாரு. அம்புட்டுத்தான். அந்தச் சின்ன டாக்டரு அன்னைக்கு மத்தியானம் சாப்புடலன்னு கேள்வி.

ஒரு தடவ ராசிங்காபுரத்துல பொம்பளைகளக் கூட்டி வச்சு, மாசத்துக்கு ஒருக்க நீங்களே உங்க மார்பத் தடவிப் பாத்துக்கிடணும், கட்டி தட்டுச்சுன்னா வரணும்னு சொல்லிட்டு வந்தேன். எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாளுக. ஒருத்தியும் வர மாட்டான்னு நெனச்சேன். அடுத்த வாரம் பாத்தா வராண்டா பூராவும் ராசிங்காபுரம். ஒருத்தி வரலைன்னாத்தான ஜீப்பு பேசும், ஜீப்பே வந்துட்டா யாரு பேசுறது? எல்லாருக்கும் கட்டியாம், சில பேருக்கு ரெண்டு பக்கமும் கட்டியாம்.

சர்ஜன் ஒவ்வொருத்தரா, அதே வெந்நி, அதே ஸ்டூலு, ஒண்ணையும் கொறைக்காம பாத்தாரு. ஒருத்திக்கும் கட்டியக் காணோம். கடைசியில ஒருத்தியக் கூப்புட்டு, நீங்க எப்படிப் பாத்தீங்கன்னு செஞ்சு காட்டச் சொன்னாரு. அவ கட்டை வெரலையும் ஆள்காட்டி வெரலையும் சேத்து, சதைய நறுக்குன்னு பிடிச்சு நசுக்கிக் காட்டுனா. அடப் பாவிகளா, அது ஏலக்கா எடுக்குற கை! செடியடியில குத்த வச்சு, சரத்துல இருக்கிற காயி வெளஞ்சதா பிஞ்சான்னு ரெண்டு வெரலாலயே பாத்துப் பழகுன கை. அந்தக் கைக்கு எதப் பிடிச்சாலும் காயாத்தான் தெரியும்.

எனக்குச் சிரிப்ப அடக்க முடியல, மருந்து ரூமுக்குள்ள போயி சிரிச்சுட்டு வந்தேன். சர்ஜன் சிரிக்கல. புள்ளைக்குக் காச்ச அடிக்குதான்னு எந்தக் கைய வச்சுப் பாப்பீங்கன்னு கேட்டாரு. அம்புட்டுப் பேரும் வெரலப் படுக்கப் போட்டுக் காட்டுனாளுக. அந்தக் கைதான் வேணும்னாரு. அன்னையில இருந்து எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு இதே பேச்சுத்தான்: காயெடுக்குற கை வேணாம் ஆத்தா, காச்ச பாக்குற கைய வைங்க.

அன்னைக்கு வந்த கூட்டத்துல கடைசி ஆளு பாண்டியம்மா. நல்ல ஆகிருதி, அதட்டலான குரலு. அவுக மகன்தான் அந்த ஊரு ஜீப்ப ஓட்டுறவன். அவுகளுக்குத் துணையா வந்தது கௌசல்யா. பாண்டியம்மாவோட தம்பி மக, அந்த ஜீப்புக்காரனுக்கே பரிசம் போட்டு வச்சிருக்கிற பொண்ணு. இருபத்திரண்டு வயசு இருக்கும். தோட்டத்துக்கு அதே ஜீப்புலதான் போயிட்டு வருது.

பாண்டியம்மா அவளையும் திரைக்குள்ள இழுத்துக்கிட்டு வந்துட்டாக. சர்ஜன் பாத்துக்கிட்டு இருக்கும்போது மத்தவளுகன்னா அவரு மொகத்தப் பாப்பாளுக, என்ன சொல்லப் போறாரோன்னு. இந்தப் பொண்ணு அவரு வெரலப் பாத்துச்சு. அவரு அழுத்துறப்ப எல்லாம் அவ மூணு வெரலும் அவ தொடை மேல அதே மாதிரி நகருது. அத்தைக்குக் கட்டி இல்லைன்னு தெரிஞ்சதும் அவ மொகத்துல சந்தோசம் வரணுமா இல்லையா? வரல.

பாண்டியம்மாவுக்கு மூச்சு வாங்குது, பிரஷர் பாத்துட்டு வாங்கன்னு அங்கிட்டு அனுப்புனேன். அங்க வரிசை நீளமா இருக்கும்னு எனக்குத் தெரியும். கௌசல்யாவ மருந்து ரூமுக்குள்ள கூப்புட்டேன். உனக்கும் கட்டி இருக்கான்னு நான் ஒரு நாளும் கேக்க மாட்டேன். இருக்கான்னு கேட்டா இல்லைன்னு சொல்றது லேசு.

"ஏத்தா, உனக்கு எந்தப் பக்கம்?"

"எடது"ன்னு சொல்லிட்டா. சொன்னப்புறம்தான் சொல்லிட்டோம்னு தெரிஞ்சு வாயப் பொத்திக்கிட்டா.

அப்புறம் வந்துச்சு பாருங்க அழுக. பொங்கலுக்கு முன்னாடி குளிக்கிறப்பத் தட்டுப்பட்டுச்சாம். ஆத்தாகாரி ஈஸ்வரிகிட்டச் சொல்லியிருக்கா. ஈஸ்வரி மஞ்சளையும் சுண்ணாம்பையும் கொழச்சுப் பத்துப் போட்டு, தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விடாதன்னு சொல்லிட்டாளாம். ஏன்னா எங்க பக்கம் மார்புல கட்டின்னாலே பால்கட்டும்பாக. கல்யாணமாகாத பொண்ணுக்குப் பாலு எப்படிக் கட்டுச்சுன்னு ஜீப்புல ஒருத்தி கேட்டாப் போதும், முடிஞ்சுச்சு சோலி. பெரிய நோவா இருந்தாலும் கல்யாணம் நிக்கும், ஒண்ணுமில்லாத கட்டியா இருந்தாலும் கல்யாணம் நிக்கும். அந்த அத்தைக்குத் தெரிஞ்சிரக் கூடாது சிஸ்டர்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. அந்த அத்தைக்கே துணையா வந்து உக்காந்திருக்கா பாருங்க, எம்புட்டுப் பயம், எம்புட்டுத் தைரியம்!

சர்ஜன்கிட்டச் சொன்னேன். மறுபடி கையக் கழுவிட்டு வந்தாரு. ஆம்பள டாக்டரான்னு அவ சுருங்குனா. அவரு ஸ்டூல்ல உக்காந்து கேட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தாரு. நான் தோளு மேல கைய வச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, பாருங்க சார்னு சொன்னா. வலது பக்கம் பாத்துட்டு எடது பக்கம் வந்தாரு. மேல, அக்குளுப் பக்கமா, கோலிக்குண்டு அளவுக்கு ஒண்ணு. வெரலுக்கு அடியில வழுக்கி வழுக்கி ஓடுச்சு. அக்குளுல ஒண்ணும் தட்டல.

எந்திரிச்சு உக்காந்து சேலைய இழுத்து விட்டுக்கிட்டு, கேன்சரா சார்னு கேட்டா. அவரு சொன்னத நான் அப்படியே சொல்றேன், எனக்கு இன்னும் காதுல கேக்குது.

"உன் வயசுல பெரும்பாலும் சாதுவான கட்டியாத்தான் இருக்கும். ஆனா பெரும்பாலும்கிற சொல்ல நம்பி உன்ன வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். கை பாத்தாச்சு. ஸ்கேன் பாக்கணும், ஊசி போட்டுப் பாக்கணும். மூணும் ஒண்ணு போலச் சொன்னாத்தான் நான் பதில் சொல்லுவேன். பயம் இருக்கட்டும். தெரிஞ்சுக்குவோம்."

எப்படி மறுபடி வருவாங்கிறதுதான் சிக்கல். அதுக்கு மாரியாத்தா ஒரு வழி விட்டா. பாண்டியம்மாவுக்கு நெசமாவே பிரஷரு ஏறிக் கெடந்துச்சு. வாரா வாரம் வாங்க, மாத்திரைய மாத்தி மாத்திப் பாக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. துணைக்குக் கௌசல்யா வருவா. அத்த பிரஷர் வரிசையில நிப்பாக, மருமக ஸ்கேன் ரூமுல படுத்திருப்பா. எங்க ஆஸ்பத்திரியில அந்த மாதிரி வேலை நான் நெறையப் பாத்திருக்கேன், யாருக்கும் நட்டம் இல்ல.

ஸ்கேன்ல கட்டி நல்லாத் தெரிஞ்சுச்சு. மத்த எடமெல்லாம் வழுவழுன்னு வரம்பு கட்டுன மாதிரி இருக்கு, ஒரு ஓரம் மட்டும் தெளிவா இல்லைன்னு ஸ்கேன் டாக்டரம்மா சொன்னாக. சர்ஜன் அன்னைக்கே மெல்லிசு ஊசியப் போட்டு, உறிஞ்சி, கண்ணாடித் துண்டுல பூசி, ஸ்பிரிட்டுல போட்டு தேனி லேபுக்கு அனுப்புனாரு. ரத்தம் எடுக்குற ஊசிய விடச் சின்னது. அவ பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, அம்புட்டுத்தானா சிஸ்டர்னு கேட்டா.

முடிவு வந்தப்பத்தான் சோதனை. ஊசியில வந்த செல்லு பத்தல, எதையும் சொல்ல முடியாது, மறுபடி எடுத்து அனுப்புங்கன்னு வந்துச்சு. இது நடக்குறதுதான், யாரு தப்பும் இல்ல. அடுத்த வாரம் கொஞ்சம் தடிச்ச ஊசியில சதைத் துணுக்கே எடுத்துருவோம்னு சர்ஜன் அவகிட்ட வெவரமாச் சொன்னாரு. அவளும் தலையாட்டிட்டுப் போனா.

அடுத்த வாரம் பாண்டியம்மா மட்டும் வந்தாக. கௌசி எங்கன்னு கேட்டேன். பொழுதன்னைக்கும் என்ன ஆஸ்பத்திரி, கல்யாணப் பொண்ணு அலையக் கூடாதுன்னு அவ ஆத்தா நிப்பாட்டிப்புட்டான்னாக. எனக்குப் புரிஞ்சு போச்சு. ஊசி பட்டா கட்டி கோவிச்சுக்கிட்டுப் பரவிரும்னு ஒரு பேச்சு எங்க பக்கம் உண்டு. ஈஸ்வரி அதச் சொல்லித்தான் மகளப் பூட்டி வச்சிருப்பா. கல்யாணமோ நெருங்கிக்கிட்டு வருது. தாலி ஏறிட்டா அப்புறம் மறுவீடு, ஆடிச் சீரு, புள்ளன்னு ஒவ்வொண்ணாத் தள்ளிப் போயி, இந்தக் கட்டி யாரு கையிலயும் அகப்படாமப் போயிரும். அந்த ஒரு ஓரம் என்னன்னு தெரியாமயே போயிரும்.

சர்ஜன்கிட்டப் போயி, பாண்டியம்மாகிட்ட ரெண்டு வார்த்தை சொல்லிரவான்னு கேட்டேன். கூடாதுன்னுட்டாரு. அது அந்தப் பொண்ணோட ஒடம்பு, அவதான் சொல்லணும், நீங்களும் நானும் சொல்லக் கூடாதுன்னாரு. எனக்குக் கோவமான கோவம். ஆனா அவரு சொன்னது சரிதான். திரைக்குள்ள பேசுனது திரையத் தாண்டிருச்சுன்னா அப்புறம் எவ உள்ள வருவா?

திரும்பிப் போயி பாண்டியம்மாகிட்ட இம்புட்டுத்தான் சொன்னேன். மாத்திரையக் கூட்டியிருக்கு, தலை கிறுகிறுக்கும். அடுத்த வாரம் தனியா வராதீக, கட்டாயமா துணையோட வாங்க. துணையோடன்னு ஒருக்க அழுத்திச் சொன்னேன். அந்தம்மா என் மொகத்த நல்லாப் பாத்துச்சு. மாத்திரைய முந்தானையில முடிஞ்சுக்கிட்டுப் போயிருச்சு.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஒரு சோலியும் ஓடல. வீட்டுல எங்க வீட்டுக்காரரு மேல எரிஞ்சு விழுந்தேன். அவரு பாவம், கொழம்புல உப்பு இல்லைன்னுகூடச் சொல்லாமச் சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு.

அடுத்த வாரம் ஓ.பி. நேரத்துல பாண்டியம்மா வந்தாக. பின்னாடி கௌசல்யா, மொகம் வீங்கியிருக்கு. நான் எப்பவும் போல, வாங்க பாண்டியம்மா, பிரஷர் வரிசை அங்கிட்டு இருக்குன்னு சொன்னேன். அவுக நகரல. அவளக் கையப் பிடிச்சு முன்னாடி இழுத்து விட்டாக.

"இன்னைக்கு நான் துணைக்கு வந்திருக்கேன். இவளப் பாருங்க."

சொல்லிட்டியான்னு கௌசல்யாவப் பாத்தேன். நான் சொல்லல சிஸ்டர், அத்தையே கேட்டுட்டாகன்னா. பாண்டியம்மா குரலத் தாழ்த்திப் பேசத் தெரியாதவுக, அன்னைக்குத் தாழ்த்திப் பேசுனாக. நான் படுத்துக் கெடந்தப்ப என்னைய விட இவளுக்குத்தான் வேர்த்துச்சு, அன்னைக்கே மனசுல தட்டுச்சு, பிரஷர் பாக்குறதுக்கு எவளாச்சும் கட்டாயம் துணையோட வாங்கன்னு சொல்லுவாளான்னு சொல்லிட்டு, நேத்து ஈஸ்வரி வீட்டுக்குப் போயி நேருக்கு நேரா கேட்டுட்டாகளாம். ஈஸ்வரி கால்ல விழுந்து, கல்யாணத்த நிப்பாட்டிராதீக மதினின்னு அழுதாளாம்.

"என் மகனுக்கு நான் பொண்ணு எடுக்குறேனா, ஏலக்கா எடுக்குறேனா சிஸ்டர், நசுக்கிப் பாத்து ஒதுக்கி வைக்க?"

அந்த எடத்துல நான் அழுதுட்டேன். அழுததுல எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல.

சர்ஜன் பாண்டியம்மாவ வெளிய இருக்கச் சொன்னாரு. அத்த இருக்கட்டும் சார்னு கௌசல்யா சொல்லிட்டா. மரத்துப் போக மருந்து போட்டு, சின்னதாக் கீறி, தடிச்ச ஊசிய உள்ள விட்டு எடுத்தாரு. ஒவ்வொருக்க எடுக்கும்போதும் டொக்குன்னு ஒரு சத்தம் வரும். அதயும் முன்னாடியே சொல்லி, அந்தச் சத்தத்தக் கேக்க வச்சுட்டுத்தான் ஆரம்பிச்சாரு. ஊசி பட்டா பரவும்ங்கிறாகளேன்னு பாண்டியம்மா கேட்டாக. பரவாதும்மா, பாக்காம விட்டாத்தான் கேடுன்னாரு. முடிஞ்சதும் நான் அந்த எடத்த அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாண்டியம்மா அவ நெத்தி வேர்வைய முந்தானையில தொடச்சு விட்டாக.

முடிவு வந்த அன்னைக்கு ஈஸ்வரியும் வந்திருந்தா. பாண்டியம்மா கையோட இழுத்துக்கிட்டு வந்துட்டாக. மூணு பேரும் உள்ள நொழஞ்சாக. எங்க சர்ஜனுக்கு அதுலயும் ஒரு மொறை உண்டு. ஆள உக்கார வச்சு, தண்ணி குடுத்து, சுத்தி வளச்சுப் பேச மாட்டாரு. அவளுக உக்காருறதுக்கு முன்னாடியே அவரு எந்திரிச்சு நின்னு, மொத வார்த்தையா சொன்னாரு.

"கேன்சர் இல்ல."

அப்புறம்தான் உக்காரச் சொன்னாரு. கை, ஸ்கேன், ஊசி மூணும் இப்ப ஒண்ணு போலச் சொல்லுது, இது வயசுப் பொண்ணுகளுக்கு வர்ற சாதுவான நாருக் கட்டி, இதுக்கும் பாலுக்கும் சம்பந்தம் இல்ல, அவ செஞ்ச எதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஈஸ்வரியப் பாத்துச் சொன்னாரு. ஈஸ்வரி தலையில தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. கௌசல்யா அழுகல. எனக்குத்தான் நெஞ்சு நெறஞ்சு போச்சு, எம் மகளுக்கே நல்ல சேதி வந்த மாதிரி இருந்துச்சு.

இத அப்படியே விட்டு அப்பப்ப ஸ்கேன் பாக்கலாம், இனிமே வளரலாம்கிறதால வேணும்னா எடுத்தும் விட்டுரலாம், ரெண்டும் சரிதான், உனக்கு எதுன்னு சர்ஜன் கேட்டாரு. பாண்டியம்மா வாயத் தெறந்தாக. அவரு கையக் காட்டி நிப்பாட்டிட்டு, கௌசல்யாவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. எடுத்துருங்க சார், கல்யாணத்துக்கு முன்னாடியேன்னா. எடுத்தாச்சு. எடுத்த கட்டிய முழுசா பாத்தும் அதே பதில்தான் வந்துச்சு.

அந்த ஜீப்புக்காரன்கிட்ட அவளே சொல்லிட்டாளாம். அவன் என்ன சொன்னான்னு நான் கேட்டதுக்கு, அவன் கெடக்கான், நாந்தான மாமியான்னு பாண்டியம்மா சொன்னாக. கல்யாணத்துக்கு நானும் போனேன். அதுக்கப்புறம் அந்த ஜீப்பு சாயங்காலம் கீழ எறங்கி ஊருக்குத் திரும்புறப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ஒருக்க நின்னு போகும். எவ எறங்குனாலும் எதுக்குன்னு ஒருத்தி கேக்கக் கூடாது. கேட்டா மறுநா அவளுக்கு ஜீப்புல எடம் கெடையாது. பாண்டியம்மா போட்ட சட்டம் அது. நாங்க எம்புட்டு நோட்டீஸு ஒட்டியும் வராத ஆளுக அந்தச் சட்டத்துக்கு வந்தாளுக. அதுல சில பேருக்குச் சாதுவா இல்லாததும் இருந்துச்சு, வெரசாக் கண்டுபிடிச்சு மதுரைக்கு வைத்தியத்துக்கு அனுப்பி வச்சோம். அவளுக இன்னும் மலையேறிக் காயெடுத்துக்கிட்டு இருக்காளுக.

இம்புட்டையும் நான் சொல்லி முடிக்க, நித்யா சூப்பருக்கா, எந்தப் பக்கம்னு கேக்கணும், நல்ல ஐடியான்னு தலைய ஆட்டி ஆட்டிச் சொன்னா. அவ காப்பி எப்பவோ காலி. நான் அவளப் பாத்துச் சொல்லல. ஆரம்பத்துல இருந்தே அவளப் பாத்துச் சொல்லல.

சங்கீதாவோட காப்பி ஆறி ஆடை படிஞ்சு கெடந்துச்சு. நான் அந்த மூணு வெரலப் பத்திச் சொன்ன எடத்துல இருந்து அவ டம்ளர வாய்க்குக் கொண்டுபோகவே இல்ல. நர்ஸுதான், படிச்சவதான், நாளெல்லாம் அடுத்தவளுக்குச் சொல்றவதான். பயம் யூனிபாரத்தப் பாத்தா வருது? நான் டம்ளர அவ கையில இருந்து வாங்கிக் கீழ வச்சேன்.

"ஏத்தா, உனக்கு எந்தப் பக்கம்?"

சங்கீதா துப்பட்டாவ இழுத்து விட்டுக்கிட்டா. நித்யா வாயப் பொளந்துக்கிட்டு அவளையே பாக்குறா. அப்புறம், வலதுக்கான்னு சொன்னா, அவளுக்கே கேக்காத மாதிரி.

"சரி. பயம் இருக்கட்டும். நாளைக்குக் காலையில ஓ.பி.க்குப் போறோம். நான் துணைக்கு வர்றேன்."